தொண்ணூற்று மூன்றில் கொதிக்கும் ஊர்

தோலோன் கணவாய் இறக்கத்தில்
கொஞ்சம் தலைதூக்கிய ஊசியும்
நீலக் கோட்டிலேயே படுத்துக்கொண்டது.
ஹீட்டர் ஊதியது.
ஊதியதெல்லாம் மலையின் மூச்சு.
வெளியே மைனஸ் இருபத்து நான்கு,
உள்ளே அதற்குச் சற்றே உறவுக்காரக் குளிர்.

நரினில் இறங்கும்போது
கணக்காளர் ஸைனூரா கையுறை கழற்றாமலே
காசை எண்ணிக் கொடுத்தாள்,
நூறு சோம் குறைத்து.
“மீதி, கால்விரல்கள் திரும்பி வந்தால்.”

மறுநாள் விடியலில்
விறைத்த எஞ்சினை எழுப்பிவிட்டு
மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
காய்ச்சல்காரன் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல.
சரியான தெர்மோஸ்டாட் என்றால்
வெகுநேரம் ஜில்லென்றிருந்து
திடீரென்று கையைச் சுட வேண்டும்.
இதுவோ முதல் நிமிடத்திலிருந்தே
வெதுவெதுப்பு.
யாரோ திறந்துபோட்டுவிட்டுப் போன கதவு;
ரேடியேட்டர் வழியே
வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்கு.

ஆறவிட்டேன்.
பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் இறக்கி
நாய் எட்டாத உயரத்தில் வைத்தேன்.
பத்தாம் நம்பர் சாவி, இரண்டு போல்ட்.
ஒன்று உடனே வந்தது,
மற்றொன்று என் முழங்கைத் தோலைக் கேட்டது.
உள்ளே
போன கோடையில் எவனோ அள்ளித் தடவிய சிவப்புப் பசை
தோலாய் உரிந்து வால்வின் வாயில் சிக்கியிருந்தது.
எடுத்தும் வாய் மூடவில்லை. சுருள் தளர்ந்துவிட்டது.

மெலிஸின் கண்டெய்னர் கடையில்
புதிது எழுநூறு சோம்.
“பரிசோதித்துப் பார்க்காமல் மாட்டாதே,
மாட்டியபின் கொண்டுவராதே.”
பித்தளை விளிம்பில் பொறித்த எண்: 92.

பாத்திரத்தில் தண்ணீர்.
அடியைத் தொடாதபடி
நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
பக்கத்தில்
ஜாம் காய்ச்சும் தெர்மாமீட்டர்.
எண்பது. எண்பத்தெட்டு.
தொண்ணூற்று மூன்றில்
தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
அதற்குமேல் ஏற மாட்டேன் என்றது.
வால்வு
ஒரு மயிரிழை அசைந்ததோ என்னவோ.

“போலி” என்றான் சபிர்பெக்,
வாயில் ரொட்டியோடு.
“மெலிஸ் ஏமாற்றிவிட்டான். கோட்டை எடு.”

கோட்டை எடுக்கப்போய்
கதவருகே நின்றுவிட்டேன்.
இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில்
உருளைக்கிழங்கு வேக
எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாதா?
இந்த ஊரில் கொதிப்பு என்பது
ஒரு சத்தம்தான்.
நூறு என்ற எண்ணை
எங்கள் பாத்திரங்கள் பார்த்ததே இல்லை.
எஞ்சினின் நிலைமை வேறு;
மூடியை இறுக்கிய அழுத்தத்தில்
அங்கே தண்ணீர்
கொதிக்காமலே நூறைத் தாண்டும்.
குறை இரும்பிலா, உலையிலா?

தண்ணீரைக் கொட்டிவிட்டு
வாணலியில் பருத்திக்கொட்டை எண்ணெய் ஊற்றினேன்.
தெர்மோஸ்டாட்டைத் துடைத்து
ஈரம் போக அடுப்பருகே வைத்து
மறுபடி நூலில்.
சபிர்பெக் மெல்வதை நிறுத்தினான்.
தொண்ணூற்று இரண்டு:
தட்டு அசைந்தது.
தொண்ணூற்றெட்டு: விரல் நுழையும் வாய்.
நூற்றைந்தில் முழுக்கத் திறந்து
கொட்டாவி விட்ட நிலையில் நின்றது.
அடுப்பை அணைத்ததும்
அவசரமே இல்லாமல் மூடிக்கொண்டது.
மகள் அய்பிகே கேட்டாள்,
“இதே எண்ணெயில் போர்சோக் சுடலாமா?”
கூடாது என்றேன்.
அவளுக்கு அது அநியாயமாகப் பட்டது.

புது ரப்பர் வளையம், இருக்கையைச் சுரண்டிச் சுத்தம்,
சுருள் எஞ்சினைப் பார்த்தபடி.
பசை ஒரு துளிகூட இல்லை.
பச்சைத் தண்ணீரைத் திரும்ப ஊற்றி
ஹீட்டரை முழுதாகத் திறந்து
ஹோஸைப் பிசைந்து பிசைந்து
ஒளிந்திருந்த காற்றையெல்லாம்
குமிழ் குமிழாக வெளியே அனுப்பினேன்.
இந்த முறை ஹோஸ் குளிர்ந்தே கிடந்தது,
கிடந்தது,
பின் சுட்டது. கையை உதறிச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை. தோலோன் இறக்கம்.
ஊசி நடுவில், ஆணியடித்ததுபோல்.
பின்சீட்டில் முதலில் தொப்பி கழன்றது,
அப்புறம் கழுத்துத்துணி.
“கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கேன், புழுங்குது”
என்றாள் ஸைனூரா.

“நூறு சோம்” என்றேன்.